பிறையும் செய்மதியும்

ரமழானுக்கு முந்திய மாதமான ஷஃபானின் 29ஆம் நாள், சூரியன் மறையும் மஃரிப் நேரத்தில் காத்தான்குடியின் கண்கள் மேற்கே திரும்பும். எழுவான்கரையில், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கிற ஊர் அது. பிறை தென்பட்டால் வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம்தான் தென்படவேண்டும். நாடெங்கும் இருந்து வரும் சாட்சியங்களைக் கேட்டு, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு நோன்பை அறிவிக்கும்.

அதே மேற்கு வானிலிருந்து சில மாலைகளில் சர்வதேச விண்வெளி நிலையமும் ஏறிவருகிறது. சுமார் 400 கிலோமீற்றர் உயரம், மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகம். தரை இருண்ட பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டுத் தெறிப்பதைத்தான் நாம் காண்கிறோம். பூமியின் நிழலுக்குள் புகுந்தால் நடுவானிலேயே மறைந்துவிடும். இத்தனையும் எந்த நிமிடத்தில் நடக்கும் என்று கைத்தொலைபேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் பிறைக்கு மட்டும் கண் எதற்கு? நியாயமான கேள்வி. துருக்கி கணிப்பை ஏற்று நாட்காட்டியை முன்பே வகுத்துவிடுகிறது.

பக்கத்து ஆரையம்பதிச் சைவர்களின் சித்தாந்தம் இங்கே கைகொடுக்கும். காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகளை அது வைக்கிறது. புகையையும் நெருப்பையும் முன்பு சேர்த்துக் கண்டவனுக்கே புகையிலிருந்து நெருப்பைக் கருத முடியும். செய்மதிக் கணிப்பும் அப்படித்தான், காண்டலின் மேல் நிற்கும் கருதல். மேல்வளியின் உராய்வு ஒரே சீராக இருப்பதில்லை. பாதை மெல்ல நழுவும். யாராவது மறுபடி பார்த்துத் திருத்தாவிட்டால் கணிப்பு பொய்த்துப்போகும். 1957இல் முதல் செய்மதியான ஸ்புட்னிக் ஏறியபோது, வானியலாளர் ஃபிரெட் விப்பிள் தொடங்கிவைத்த மூன்வாட்ச் குழுக்களில் தொழில்முறை சாராத ஆர்வலர்களே சிறு தொலைநோக்கிகளோடு நின்று அது கடக்கும் நேரத்தைக் குறித்தார்கள்.

பிறையின் கணக்கும் கண்ணை விட்டு நிற்பதில்லை. அமாவாசை நேரம் துல்லியமாகக் கணிக்கக்கூடியது. ஆனால் பிறை கண்ணுக்குத் தெரிவது மேகத்தையும் காற்றின் தூசியையும் பொறுத்தது. சூரியனுக்கு ஏறத்தாழ 7 பாகைக்குள் பிறை தெரியாது என்று 1930களில் வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் வகுத்த எல்லைகூட, கண்டவர்களின் பதிவுகளிலிருந்து எடுத்ததுதான்.

ஆகவே கணிப்பு சாட்சியைச் சோதிக்கட்டும், அகற்றவேண்டாம். விண்வெளி நிலையத்தைக் கண்டவருக்கு அதனால் கடமை எதுவும் வருவதில்லை. பிறை கண்ட ஒருவரின் சொல்லோ ஊரையே நோன்பில் இறக்குகிறது. எத்தனை மணிக்குக் கண்டீர், கொம்புகள் எப்படிச் சாய்ந்திருந்தன என்று அவரிடம் கேட்கலாம். சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்த நாளென்றால் அவர் சொல்லைத் தள்ளலாம். தெரியவும் கூடும், தெரியாமலும் போகலாம் என்று கணிப்பு நின்றுவிடும் மாலையில், அவர் நேர்மையை நம்புவதா என்பதைப் பிறைக்குழுவே தீர்மானிக்கவேண்டும். அதற்கு எந்தச் செயலியும் இல்லை.