அன்னதானமும் நெல் விளைத்தவனும்

திருவிழாக் காலங்களில் எமது ஆலயத்தில் அன்னதானம் குறைவின்றி நடைபெறுவதை அடியார்கள் யாவரும் அறிவர். உபயகாரர்களின் தாராள மனமே இதற்குக் காரணம். ஆனால் அந்த அரிசி யாருடைய வயலில் விளைந்தது, அவருக்கு என்ன விலை கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. விளைத்தவனுக்குச் சேர வேண்டியது சேராத நெல்லைச் சமைத்து இட்டால் புண்ணியம் முழுமையாகுமா?

மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. எமது கிடாரத்திற்கு அந்தப் பாக்கியம் இல்லை. அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வட்டைகளில் ஒருவர் சேற்றில் இறங்கினால்தான் அது நிறையும்.

கல்லோயாத் திட்டத்தின் பின்னர் அம்பாறை மாவட்டம் இந்நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாயிற்று. அப்படியிருந்தும் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. பெரும்போகப் பயிருக்கோ அது காலங்கடந்த செய்தி. 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசு கப்பலில் அனுப்பிய அரிசியை நாடு நன்றியோடு ஏற்றது.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரி சம்பாவுக்கு 132 ரூபாவும் உத்தரவாத விலையாக அறிவித்தது. நல்ல விடயம்தான். ஆனால் ஈரப்பதன் 14 வீதத்திற்கு மேற்படாத நெல்லுக்கே அந்த விலை. மெசின் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். காயவிடச் சிறு விவசாயிக்குத் தளம் இல்லை, தார் வீதியே தஞ்சம். வெட்டுக்கூலியும் உரக்கடனும் கழுத்தை நெரிக்க, வயலடியிலேயே கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். சில மாதங்களில் அவரே கடையில் கூடிய விலைக்கு அரிசி வாங்குகிறார். வியாபாரியை மட்டும் குறைகூற முடியாது; அவருக்கும் லொறிக்கூலி உண்டு. காத்திருக்கக் கூடியவருக்கே இலாபம்; கடன்பட்டவரால் காத்திருக்க இயலாது.

திருவிழா இல்லாத மாதங்களில் எமது சீமெந்து முன்றல் வெறுமையாகவே கிடக்கின்றது. அங்கே நெல்லைக் காயவிட இடமளித்து, அன்னதானத்திற்கு வேண்டியதை உத்தரவாத விலைக்கே ஆலயம் நேரே வாங்கலாம். வாய்க்கால் நீர் தமிழர் வயல், முஸ்லிம் வயல் என்று பார்த்துப் பாய்வதில்லை. கொள்வனவிலும் அப்படிப் பார்க்கத் தேவையில்லை. செலவு கூடும் என்பர் சிலர். கூடட்டும், பந்தியில் ஒரு கறியைக் குறைத்தால் போயிற்று.

மாசி அறுவடைக்கு முன்னர் பரிபாலன சபைக் கூட்டத்தில் இதனை முன்வைக்க எண்ணியுள்ளேன். முதலில் இரண்டு ஏக்கருக்குக் குறைவாகச் செய்பவர்களிடமிருந்து வாங்குவோம். அவர்கள் பெயர்களை வட்டவிதானைமாரிடம் கேட்டுப் பெறலாம்.