பணிவும் இசைவும்: குதிரைப் பயிற்சி எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஓர் உயிர் தனக்கு இடப்பட்ட ஆணையைப் பிழையின்றி நிறைவேற்றுகின்றது என்பதைக் கொண்டு, அது அவ்வாணைக்கு இசைந்து நிற்கின்றது என முடிவு செய்யலாமா? அறவியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் இவ்வினா, அண்மைக் காலத்தில் எதிர்பாராத ஒரு களத்திற் கூர்மையடைந்துள்ளது. டிறசாஜ் எனப்படும் குதிரைப் பயிற்சிக் கலையே அக்களமாகும்.

டிறசாஜ் என்னும் பிரெஞ்சுச் சொல் பயிற்றுதல் எனப் பொருள்படும். 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட களத்தில், குதிரையும் சவாரியாளரும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்திக் காட்டுவர். குதிரை நின்ற இடத்திலேயே தாளந் தவறாது கால் மாற்றும், பக்கவாட்டாக நடக்கும், பின்காலை அச்சாகக் கொண்டு சுழலும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி வழங்குவர். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோமில் நடைபெற்றது முதல் ஒலிம்பிக் விளையாட்டுகளில் இது இடம்பெற்று வருகின்றது. சவாரியாளரின் கையசைவு கண்ணுக்குப் புலப்படாதிருத்தலும், குதிரை தானே விரும்பி ஆடுவது போலத் தோன்றுதலும் இக்கலையின் உச்சமெனக் கொள்ளப்படும். ‘போலத் தோன்றுதல்’ என்ற இடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஜேர்மன் மொழியில் றோல்கூர் என வழங்கும் பயிற்சிமுறையே விவாதத்தின் மையமாக அமைந்தது. கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் கழுத்தை உள்வளைத்து, அதன் முகவாய் மார்பை அணுகும் நிலையில் அதனை இயங்கச் செய்வது இம்முறையாகும். முதுகுத் தசைகள் நீட்சி பெறுகின்றன என்றும், விலங்கு சவாரியாளரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கின்றது என்றும் இதனை ஆதரிப்போர் கூறினர். இம்முறையிற் பயின்ற குதிரைகள் பெற்ற பதக்கங்களையும் சான்று காட்டினர். எதிர்ப்போர் குதிரையின் உடலமைப்பைச் சுட்டினர். குதிரை மூக்கினால் மட்டுமே சுவாசிக்கும் விலங்கு. கழுத்து மிகையாக மடிக்கப்படுகையில் அதன் சுவாசப்பாதை ஒடுங்குகின்றது. முன்னுள்ளதைக் காணும் ஆற்றலும் குன்றுகின்றது. 2009இல் டென்மார்க்கில் நடைபெற்ற ஒரு போட்டியின் பயிற்சிக்களத்தில், நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்க ஒரு குதிரை செலுத்தப்படும் காட்சி ஒளிப்பதிவாக வெளிவந்தபோது, இவ்விவாதம் பொதுமக்களிடையேயும் பரவிற்று.

2010 பெப்ரவரியில் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் ஒரு கூட்டத்தைக் கூட்டியது. வன்மையான பலத்தினாற் கழுத்தை மடிப்பது ஏற்கத்தகாதது, மிகையான பலமின்றித் தலையைத் தாழ்த்தி வளைத்துப் பயிற்றுவது ஏற்கத்தக்கது என அங்கு வேறுபாடு செய்யப்பட்டது. மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமான தீர்வாகவே தோன்றும். ஆயின் பலம் பிரயோகிக்கப்பட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எவ்வாறு? நன்கு பழக்கப்பட்ட குதிரை கடிவாளத்தின் மெல்லிய அசைவுக்கே கழுத்தை மடித்துவிடும். இன்று பலம் தேவைப்படவில்லை என்பது, நேற்றுப் பலம் பிரயோகிக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது.

கட்டாயத்தின் பேரில் நிகழும் அசைவில் அழகில்லை என்பது பழைய கருத்தே. கி.மு. நான்காம் நூற்றாண்டிற் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய ஏதென்ஸ் நகரத்தவரான செனபொன், வற்புறுத்தப்பட்ட குதிரையை அடித்து ஆடவைக்கப்பட்ட நடனக்காரனுக்கு ஒப்பிட்டார். உயர்ந்த கருத்து இது. எனினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வற்புறுத்தல் அழகைக் கெடுக்கும் என்றால், அழகு கெடாதவிடத்து வற்புறுத்தல் இல்லை எனக் கொள்ளும் மயக்கம் எளிதில் ஏற்படுகின்றது. அழகு அறத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகின்றது. அச்சாட்சி நம்பத்தக்கதன்று.

ஐந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரு விலங்கை அதன் விருப்பத்திற்கு மாறாக ஆட்டுவிக்க எவராலும் இயலாது என்பது பயிற்சியாளர் பலர் முன்வைக்கும் வாதமாகும். உடல்வலிமையை மட்டும் கருதும் இவ்வாதம் உளவியலை மறந்துவிடுகின்றது. 1967இல் செலிக்மன், மையர் ஆகிய அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. தப்பமுடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளாக்கப்பட்ட நாய்களுட் பல, பின்னர் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாது கிடந்தன. அவற்றின் அமைதி இசைவன்று. எதிர்த்துப் பயனில்லை எனக் கற்றுக்கொண்டதன் விளைவு. வெளியே நின்று நோக்குபவனுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தென்படும்.

பலத்துக்கு உண்மையில் தேவை உண்டா என்பதும் ஐயத்துக்குரியது. கணக்குகளுக்கு விடை கூறுவதாகப் பேர்லினிற் புகழ்பெற்ற ஹான்ஸ் என்னும் குதிரையை ஆராய்ந்த ஒஸ்கார் பூங்ஸ்ற், அது கணக்கு அறிந்திருக்கவில்லை, வினவுவோர் தம்மையறியாமற் செய்த மிக நுண்ணிய தலையசைவுகளையே கண்டறிந்தது என 1907இல் விளக்கினார். இத்தகைய நுண்ணுணர்வுடைய விலங்கிடம் சாட்டையும் குதிமுள்ளும் உரத்துப் பேசவேண்டி நேர்வது, கற்பவரின் குறையையன்றிக் கற்பிப்பவரின் குறையையே காட்டுகின்றது.

விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடியான கடமை இல்லை எனக் கருதிய கான்ற், விலங்கைக் கொடுமைப்படுத்துபவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதனாலேயே அதனைக் கண்டித்தார். பெந்தம் 1789இல் வெளிவந்த தமது நூலில் இந்நிலையைக் கடந்து சென்றார். பகுத்தறிவோ பேச்சாற்றலோ அன்று, துன்புறும் இயல்பே அறக்கணிப்புக்கு அடிப்படை என்பது அவர் துணிபு. ஆயின் துன்பத்தைப் பொருட்படுத்துவதற்கு முதலில் அதனை அறிந்துகொள்ள வேண்டும். 2018இல் மிருக வைத்தியர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியோரும் சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை வகுத்து வெளியிட்டனர். காதுகளைப் பின்மடித்தல், வாயைத் திறத்தல், வாலைச் சுழற்றுதல் போன்ற இவற்றுள் எட்டோ அதற்கு மேற்பட்டவையோ காணப்படின், வலி இருத்தல் கூடும் என்பது அவர்கள் முடிவு. இந்நடத்தைகள் பல தலைமுறைகளாகக் ‘கீழ்ப்படியாமை’ எனப் பெயர் பெற்றுத் தண்டிக்கப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. வாயைத் திறக்கும் குதிரைக்கு மூக்குப்பட்டி மேலும் இறுக்கப்பட்டது. பேசத் தெரியாத உயிரிடம் எஞ்சியிருந்த ஒரே மொழியும் குற்றமாக்கப்பட்டமையே இங்கு நிகழ்ந்த பெருந்தவறாகும்.

ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற இங்கிலாந்தின் சார்லட் டுஜார்டின், பயிற்சியொன்றின்போது குதிரையின் கால்களைச் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த ஒளிப்பதிவு காரணமாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. உலகம் அதிர்ந்தது, அதிர்ந்தமை சரியே. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் சாட்டையைக் கண்டிப்பது எளிது. நாள்தோறும் சிறிது சிறிதாக எதிர்ப்பை அடக்கி, இறுதியிற் சாட்டையே தேவைப்படாத நிலையை உருவாக்கும் பயிற்சியைக் கண்டிப்பவர் யார்? அரங்கில் நடுவர் காண்பது சில நிமிடங்களையே. குதிரை வாழ்ந்து தீர்ப்பதோ பயிற்சியின் ஆண்டுகளை.

அவ்வாறாயின் குதிரையேற்றமே கைவிடப்பட வேண்டும் என்பார் உளர். குழந்தையும் தன் கல்விக்கு முன்னிசைவு தருவதில்லை, அதனாற் கல்வி கொடுமையாகிவிடாது என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழி. இவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். குழந்தையின் கல்வி குழந்தையின் நன்மைக்கானது. குதிரையின் பயிற்சி பெரும்பாலும் மனிதனின் புகழுக்கானது. பயன் பெறுபவன் மனிதனாக இருப்பதால், நிரூபிக்கும் பொறுப்பும் அவனையே சாரும். தீங்கு நிகழ்ந்ததெனக் குதிரை நிரூபிக்க வேண்டியதில்லை. நிகழவில்லையென மனிதனே காட்டவேண்டும். 2025 முதல் சம்மேளனம் மூக்குப்பட்டியின் இறுக்கத்தைக் கருவிகொண்டு அளக்க முற்பட்டமை இத்திசையில் ஒரு சிறு அடியாகும். கண் பார்வைக்கு விடப்பட்டிருந்த ஒன்று இப்போது அளவைக்கு உட்படுகின்றது. அவ்வாறே பயிற்சிக்களமும் அரங்கைப் போலத் திறந்திருத்தல் வேண்டும். வலியின் அறிகுறி தண்டனைக்கன்றி ஓய்வுக்கும் பரிசோதனைக்கும் காரணமாதல் வேண்டும்.

மறுக்க வழியில்லாத உயிரின் பணிவு இசைவுக்குச் சான்றாகாது. மறுத்தாலும் தண்டனை இல்லை என அறிந்த குதிரை காட்டும் பணிவுக்கே பொருளுண்டு. அத்தகைய குதிரை சில வேளைகளில் ஆணையை மீறவும் கூடும். புள்ளிகள் குறையவும் கூடும். அவ்விழப்பை ஏற்க ஆயத்தமில்லாத எவரும், தமது குதிரை விரும்பியே ஆடுகின்றது எனக் கூறும் உரிமையை இழந்துவிடுகின்றனர்.