மேல்மண்ணின் பங்கு

எங்கள் தெருவில் புதிதாக எழும் வீடுகளில் ஒரு சாண் மண்ணைக்கூடப் பார்க்க முடிவதில்லை. காம்பவுண்டுக்குள் மூலைமுடுக்கெல்லாம் சிமெண்டுத் தளம், இல்லையென்றால் பேவர் பிளாக். காரணம் கேட்டால் சேறு, கொசு, பாம்பு என்பார்கள். மூன்றும் பொய்யில்லை. அதற்காக, வாசலில் விழும் மழை மண்ணைத் தொடவே கூடாது என்பது எனக்கு அதிகப்படியாகத்தான் படுகிறது.

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். கோடையில் காசு கொடுத்து வாங்கும் பெரிய டேங்கர் லாரி ஒன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியே குழிக்கோ கிணற்றுக்கோ போகிறது. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். என்றாலும் அது கிணற்றை நினைத்துப் போட்டது. செம்பருத்தியின் வேரும் மண்புழுவும் பெரும்பாலும் மேலே ஓரிரு அடிக்குள் இருப்பவை. குழியில் இறங்கும் நீர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. மனை என் பெயரில் பதிவாகியிருக்கிறது, சரி. அதன்மேல் பெய்யும் மழையும் முழுக்க எனக்கே எழுதிக் கொடுத்ததா?

மேல்மண்ணுக்கு மழையின் அளவைவிட அது பெய்யும் விதம் முக்கியம். காய்ந்து இறுகிய களிமண்ணில் அரைமணி நேரம் கொட்டும் மழை பெரும்பாலும் தெருவுக்கு ஓடிவிடும். அதே அளவு இரவெல்லாம் நசநசவென்று தூறினால் ஊறி இறங்கும். சருகு மூடிய இடத்தில் துளி நேராக மண்ணை அறையாது. அங்கே இன்னும் நன்றாக ஊறும். ஓரிரு நாளில் அதிகப்படி நீர் வடிந்த பின் நுண்துளைகளில் தங்கி நிற்பதைத்தான் செடி குடிக்கிறது. வடியாமல் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது; பப்பாளி இரண்டு மூன்று நாளிலேயே துவண்டுவிடும். போர் தண்ணீர் மண்ணில் சேர்த்துவைத்த உப்பையும் மழைதான் கழுவி இறக்குகிறது. ஆண்டு முழுக்க ஹோஸ் பிடித்தும் சோம்பிக் கிடந்த செடி ஐப்பசியில் துளிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

துளிர் வந்தால் கூட்டமும் வரும். கறிவேப்பிலைக் கொழுந்தில் பட்டாம்பூச்சி முட்டையிடும். முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும் (அதை ரசிக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை). மாலையில் ஈசல் கிளம்பினால் கரிச்சானுக்கும் பல்லிக்கும் தேரைக்கும் வேட்டைதான். தேரையைத் தேடிப் பாம்பு வரலாம். வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் வெளியே வரும். ஆகவே அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. செங்கல் குவியலையும் பழைய பலகையையும் அப்புறப்படுத்தி, நடக்கும் வழியைத் திறந்து வைத்து, இரவில் டார்ச்சோடு போனால் பெருமளவு சமாளிக்கலாம். டெங்கு கொசுவுக்கோ மண் தேவையே இல்லை. பூந்தொட்டித் தட்டும் மூடாத டிரம்மும் அதற்குப் போதும். சிமெண்டுத் தளம் போட்ட வீடுகளிலும் அவை இருக்கின்றன.

வீடு கட்டப்போகிறவர்கள் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கார் நிற்கவும் ஆள் நடக்கவும் வேண்டிய அளவுக்குத் தளம் போட்டால் போதும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் செடி வைக்கும் ஓரத்திலாவது இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்தெடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட்டால் இந்த ஆண்டு மழையே அங்கே இறங்கும்.