ஏமாற்றமும் ஏமாற்றும்

'ஏமாற்றம்', 'ஏமாற்று' என்னும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. முன்னது, எதிர்பார்த்தது கிட்டாதபோது உள்ளத்தில் எழுவது. பின்னது, பிறனொருவன் அறிந்தே இழைப்பது. முன்னதற்கு எதிர்பார்த்தவன் ஒருவனே போதும். பின்னதற்குப் பொய்யன் ஒருவனும் வேண்டும். அரசியலில் இவ்விரண்டையும் பிரித்தறியாதவன், தன் நம்பிக்கை முறிந்தபோது பழியை எங்கே சுமத்துவது என்பதையும் அறியமாட்டான்.

வவுனியா வாக்காளனது நிலை இதற்குத் தக்க சான்றாகும். 2015 ஜனவரியில் 'நல்லாட்சி' என்ற முழக்கத்துக்கு வன்னி பெருவாரியாக வாக்களித்துப் பின்னர் மனங்கசந்தது. 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு அது முதலிடம் அளிக்கவில்லை. ஆயினும், இரு மாதங்கள் நிரம்புமுன் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 2 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. வேறெக்கட்சியும் ஒன்றுக்கு மேற் பெறவில்லை. நாடளாவிய 225 ஆசனங்களுள் 159 அக்கட்சியின் வசமாயின. ஊழலற்ற ஆட்சி என்ற ஒரு சொல், இனவரம்பைக் கடந்து வன்னியிலும் செவிமடுக்கப்பட்டது.

ஓராண்டு கழிந்தபோது அவ்வாக்காளனது உள்ளத்தில் எழுந்த கசப்பு ஒருவகையினதன்று. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும் எனக் கட்சி எழுத்தில் வாக்களித்திருந்தது. 1979ஆம் ஆண்டின் அச்சட்டம் 2025 நவம்பரிலும் நடைமுறையில் இருந்தது. வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. வாக்களிக்கப்பட்டிருந்த மாகாணத் தேர்தலும் அவ்வோராண்டில் நடைபெறவில்லை. இவை, சொன்னவன் கணக்குக் காட்ட வேண்டியவை. மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடைய அரசு 'இயலவில்லை' என்று கூறுவது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

ஆனால், அதே வாக்காளன் அதிகாரப் பகிர்வில் ஒரு பெருந் திருப்பத்தையும் எதிர்பார்த்திருந்தானாயின், அதை அவனுக்குக் கொடுத்தவர் யார்? வடக்கு-கிழக்கு இணைப்பு செல்லாது என 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமைக்கு, இக்கூட்டணியின் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி முன்னெடுத்த வழக்கே காரணம். அவ்வரலாறு மறைக்கப்பட்டதன்று, மறக்கப்பட்டது. ஈண்டு நிகழ்ந்தது ஏமாற்றமேயன்றி ஏமாற்று அன்று. கட்சி எழுதாத வரியை வாக்காளன் தன் ஆசையால் எழுதிப் படித்தான்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில், ஆராயாது நம்புதலும் நம்பியபின் ஐயுறுதலும் ஒருங்கே தீராத் துன்பம் தரும் என்றார். அவ்வறிவுரை அரசனுக்கு உரியது. அரசன் தான் நியமித்தவனை எந்நாளும் நீக்க வல்லவன். எனவே அவனுக்கு நம்பிக்கை ஆளுந் தந்திரமாகும். வாக்காளனோ தேர்தல் நாளில் மட்டுமே அரசன். எஞ்சிய நாட்களில் அவனிடம் எஞ்சுவது ஐயம் ஒன்றே. ஆதலின் குறளின் முற்பகுதி அவனுக்கு முழுதும் பொருந்தும், பிற்பகுதி பொருந்தாது. தெளிந்தபின் ஐயுறுதல் வாக்காளனுக்குக் குற்றமன்று, கடமை.

அவ்வையம் பயன் தரவேண்டுமாயின் குறிப்பானதாக இருத்தல் வேண்டும். வடக்கில் காணிகள் தொடர்பாக 2025 மார்ச்சில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், மக்களின் எதிர்ப்பினாலும் நீதிமன்ற நடவடிக்கையினாலும் பின்னர் கைவிடப்பட்டது. எந்த அறிவித்தல், எந்தக் காணி என்று சுட்டிக் கேட்டமையாலேயே அது இயன்றது. 'எல்லாரும் ஒன்றுதான்' என்று சலித்துக்கொள்பவன் இத்தகைய கேள்வி எதனையும் கேட்கமாட்டான். அவனது சலிப்பு அறிவுபோலத் தோன்றினும், வாக்குத் தவறியவனையும் வாக்கே அளியாதவனையும் ஒரே தட்டில் வைத்து, இருவரையும் விடுவிக்கிறது. கட்சியை முற்றாக நியாயப்படுத்தும் பற்றாளனும் இறுதியில் அதனையே செய்கிறான்.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிலிருந்து வவுனியாவில் தொடர் போராட்டம் நடத்தி வருகின்றனர். அதற்குள் நான்கு ஜனாதிபதிகள் ஆட்சிப்பீடத்தில் இருந்துவிட்டனர். தம் பிள்ளைகள் எங்கே என்ற அத்தாய்மாரின் கேள்வி எவருக்காகவும் மாறவில்லை. புதியவர் வந்தபோது அது தணியவுமில்லை, அவர் தவறியபோது கைவிடப்படவுமில்லை. ஒரு கட்சியிடம் நம்பிக்கை இழந்த வாக்காளன் அடுத்த கட்சியைத் தேடுமுன், தன்னிடம் அத்தகைய மாறாத கேள்வி ஒன்றேனும் உண்டா எனத் தன்னையே வினவுதல் தகும்.