கூட்டாளி செய்த பிழை யார் கணக்கில்?

ஒருவர் அடித்த பந்து நேராகக் குளத்தில் போய் விழுகிறது. அபராதமாக ஓர் அடி கூடுகிறது. அடுத்த அடியை அடிக்க வேண்டியவர் பந்தைக் குளத்தில் விட்டவர் அல்ல. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி. கோல்ஃபில் ‘ஃபோர்சம்ஸ்’ எனப்படும் ஆட்டமுறையின் விதி இது. இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளை ஒருவர் தொடங்கினால், இரட்டைப்படைக் குழிகளை மற்றவர் தொடங்குவார். அபராத அடி இந்த வரிசையை மாற்றாது. ஆகவே பிழை செய்தவருக்கு அதை உடனே தன் கையால் சரிசெய்யும் வழியே கிடையாது. பரிகாரம் இன்னொருவர் தலையில்.

2018 நவம்பரில் மெல்போர்னின் மெட்ரோபாலிட்டன் கோல்ஃப் கிளப்பில் நடந்த உலகக் கோப்பையின் கடைசிச் சுற்று இந்த முறையில்தான் ஆடப்பட்டது. நாட்டுக்கு இருவர் வீதம் 28 அணிகள். பெல்ஜியத்தின் தாமஸ் பீட்டர்ஸும் தாமஸ் டெட்ரியும், சிறுவயது முதலே நண்பர்களான இருவர், மைதானத்துக்கென வகுத்த அடிக்கணக்கான ‘பார்’ அளவைவிட 23 அடிகள் குறைவாக முடித்து, ஆஸ்திரேலியாவையும் மெக்சிகோவையும் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார்கள். ஃபோர்சம்ஸ் சுற்றின் மதிப்பெண் அட்டையில் அணிக்கு ஒரே வரிசை எண்கள்தான் இருக்கும். எந்த அடி யாருடையது என்று அட்டை சொல்வதில்லை.

ஒருவர் செய்த வினையின் பலனை இன்னொருவர் பங்குபோட்டுக்கொள்ள முடியுமா? சமயங்களும் தத்துவங்களும் காலங்காலமாக மல்லுக்கட்டும் இந்தக் கேள்விக்கு, இந்த ஒரு போட்டியின் வரலாற்றிலேயே மூன்று விடைகள் கிடைக்கின்றன.

முதல் விடை, 1953-இல் மான்ட்ரியலில் போட்டி தொடங்கியபோதே வந்தது. கோல்ஃப் வழியாக நாடுகளுக்கிடையே நல்லெண்ணம் வளர வேண்டும் என்று விரும்பிய அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் ஜே ஹாப்கின்ஸ் இதைத் தொடங்கினார். அப்போது பெயர் கனடா கோப்பை. 1967-இல் உலகக் கோப்பை ஆனது. முதல் ஆண்டில் ஏழு அணிகள் ஆடின. அர்ஜென்டினாவின் அன்டோனியோ செர்டா, ராபர்ட்டோ டி விசென்சோ இணை வென்றது. அன்று ஒவ்வொருவரும் தம் பந்தைத் தாமே ஆடினார்கள். முடிவில் இருவர் கணக்கையும் கூட்டி நாட்டின் கணக்கு என்றார்கள். அவரவர் வினை அவரவருக்கு என்ற கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டமுறை இல்லை. இரண்டு வாழ்க்கைகள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். ஒன்றின் சேறு மற்றதில் தெறிக்காது.

இந்த முறை 1999 வரை நீடித்தது. 2000-இல் பியூனஸ் அயர்ஸில் டைகர் உட்ஸும் டேவிட் டுவாலும் வென்ற ஆண்டு முதல், ஒரு சுற்று ஃபோர்பால், ஒரு சுற்று ஃபோர்சம்ஸ் என்று மாற்றினார்கள்.

ஃபோர்பால் தருவது இரண்டாவது விடை. இருவரும் தனித்தனிப் பந்தை ஆடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் யார் கணக்கு நன்றாக இருக்கிறதோ அதுவே அணிக்கு. மற்றவர் மூன்று பந்துகளைத் தண்ணீரில் விட்டிருந்தாலும் அட்டையில் அதன் தடமே இருக்காது. புண்ணியத்தில் பங்கு உண்டு, பாவத்தில் இல்லை. வால்மீகியைப் பற்றி வழங்கும் கதையில் அவருடைய குடும்பம் கேட்டது இதைத்தான். வழிப்பறி செய்து பிழைத்த காலத்தில், ‘என் பாவத்தில் பங்கெடுப்பீர்களா?’ என்று அவர் வீட்டாரிடம் போய்க் கேட்கிறார். கொண்டுவந்த பொருளை இத்தனை நாள் உண்டவர்கள், பாவம் உன்னோடு என்று கைவிரித்துவிடுகிறார்கள். அந்த மறுப்பில்தான் அவருடைய துறவு தொடங்குகிறது. கதையைக் கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் வீட்டார் சொன்னது கல்நெஞ்சமாகப் படும். ஆனால் நியாயத்தராசில் வைத்தால் அவர்கள் சொன்னது தவறும் அல்ல. அவர்கள் யாரையும் மறித்துப் பிடுங்கவில்லை.

ஃபோர்சம்ஸ் தரும் மூன்றாவது விடைதான் கடினமானது. செய்யாத பிழைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது எப்படி அறமாகும்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இதற்கு ஓர் எல்லைவரை போய்க் காட்டியவன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன் காவலன். ஆனாலும் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், குற்றம் முழுவதையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு அரியணையிலேயே உயிர்விடுகிறான். அந்தப் பெருந்தன்மை பல நூற்றாண்டுகளாகத் தமிழரை உலுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் இறந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்ய அங்கே ஒருவரும் இல்லை, மதுரை எரிந்தது. குற்றத்தையும் பொறுப்பையும் ஒன்றாக்கிக்கொண்டவனால் அடுத்த அடியை எடுத்துவைக்க முடியாமல் போயிற்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1968-இல் வாதிட்டவர் தத்துவச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர் அவர். குற்றம் எப்போதும் தனி மனிதருடையது; எல்லோரும் குற்றவாளிகள் என்றால் உண்மையில் செய்தவன் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். பொறுப்பு அப்படி அல்ல. ஒரு சமூகத்தின் உறுப்பினராக இருப்பதாலேயே நாம் செய்யாதவற்றுக்கும் அது நம்மைச் சேரும். ஃபோர்சம்ஸ் ஆடுபவர்களுக்கு இது நடைமுறைப் பாடம். மணற்பள்ளத்தில் புதைந்து கிடக்கும் பந்தை அங்கே அனுப்பியவர் யார் என்பது இருவருக்குமே தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக மாய்ந்துபோகவும் வேண்டியதில்லை. கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்காதே என்பது இந்த முறையை ஆடுவோர் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் அறிவுரை. பள்ளத்துக்குள் இறங்குபவர் பந்து கிடக்கும் நிலையைத் தன்னுடையதாக ஏற்றுத்தான் மட்டையை ஓங்க முடியும்.

விதிப்புத்தகத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அடிக்க முயன்று பந்தைத் தவறவிட்டால் அது ஓர் அடி. அடுத்த முறை கூட்டாளிக்கு. ஆனால் அந்தக் கடினமான அடியை அவரே அடிக்கட்டும் என்று வேண்டுமென்றே காற்றில் வீசினால், அது அடியாகவே எண்ணப்படாது. முறை இன்னும் வீசியவருடையதே. இரண்டு வீச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளத்து நோக்கம் மட்டுமே வேறு. கூட்டாளியின் பிழையைச் சுமக்கச் சொல்லும் விதி, அவரைச் சுமைதாங்கியாக்கித் தப்பிக்க விடுவதில்லை.

1953-இல் வென்ற டி விசென்சோ பிறகு ஒருநாள் வேறொருவரின் பிழையைத் தனியாகச் சுமக்க நேர்ந்தது. 1968 ஏப்ரல் 14, அவருடைய 45-ஆம் பிறந்தநாள். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்று. பதினேழாம் குழியை அவர் மூன்று அடிகளில் முடித்தார். அவருடைய அட்டையை எழுதிய சக ஆட்டக்காரர் டாமி ஆரன் நான்கு என்று குறித்துவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிற்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆயிற்று; பாப் கோல்பியுடன் சமநிலையில் நின்று மறுநாள் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் கோப்பையை இழந்தார். எழுதியவரைக் குறைசொல்லாமல் மடமை தன்னுடையது என்று அவர் ஏற்றுக்கொண்டார். எண்ணைத் தவறாக எழுதியது ஆரனின் கை. கையெழுத்து தன்னுடையது என்பதை அவர் குழப்பிக்கொள்ளவில்லை. ஆடுவதையும் நிறுத்தவில்லை. இரண்டாண்டு கழித்து, 1970-இல், உலகக் கோப்பையின் தனிநபர் பட்டத்தை வென்றார்.

இருவருக்கு இடையே பொறுப்பைப் பகிர்வது கடினம் என்றால், ஒரு நாட்டுக்கு இன்னும் கடினம். 1957-இல் ஜப்பானின் கசுமிகசெகியில் டொராகிச்சி நகமுராவும் கொய்ச்சி ஓனோவும் அமெரிக்காவின் சாம் ஸ்னீட், ஜிம்மி டெமரெட் இணையைத் தாண்டி இதே கோப்பையை வென்றபோது, போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு பூரித்துப்போனது. அங்கே கோல்ஃப் காட்டுத்தீயாகப் பரவியது. பூரித்தவர்களில் பெரும்பாலோர் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. அந்த மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் பெருமையில் இப்படிப் பங்கு கேட்கும் நாடு, தன் பெயரில் நடக்கும் அநீதியிலும் பங்கை ஏற்க வேண்டும் அல்லவா? ஏற்காவிட்டால் அது வால்மீகியின் வீட்டார் நிலைதான்.

1965-இல் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயரும் ஹரோல்ட் ஹெனிங்கும் மாட்ரிட்டில் கோப்பையை வென்றார்கள். அதே ஆண்டு நேட்டால் ஓப்பனில் பிளேயரைத் தோற்கடித்தவர் பாப்வா செவ்கோலம். டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர். பள்ளி போகாமல் மட்டைப்பை சுமந்து ஆட்டம் பழகியவர். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, எல்லோருக்கும் நேர்மாறாக மட்டையைப் பிடிப்பார். 1963-இல் அதே நேட்டால் ஓப்பனை வென்றபோது வெள்ளையர் கட்டடத்துக்குள் இருக்க, அவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். உலகக் கோப்பையில் நாட்டுக்காக அவர் ஒருமுறையும் ஆடவில்லை.

அவரை வெளியே நிறுத்திய நிறவெறிச் சட்டத்தை எழுதியவர் பிளேயர் அல்ல. ஆனால் 1966-இல் வெளிவந்த தன் நூலில் அதன் பக்கம் நின்றார். அந்த அடி அவருடையதே. பின்னாளில் அந்த நிலையைக் கைவிட்டு நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்தார். 1971-இல் கறுப்பின அமெரிக்க ஆட்டக்காரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆடவைத்தார். அதற்குள் செவ்கோலம் பெரிய போட்டிகளிலிருந்து அரசால் விலக்கப்பட்டிருந்தார், 1978-இல் இறந்தார். மாட்ரிட் வெற்றியைத் தம்முடையதாகக் கொண்டாடியவர்கள் அனைவருக்கும், டர்பன் மழையில் நின்ற அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியதிலும் பங்கு இருந்தது.