முருகனை வளர்க்கவே ஆறு தாய்மார் வந்தாங்க

ஓம் சரவணபவ!

நண்பர்களே, பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் சின்னக் குன்று மேல இருக்கிற கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அவன் காலத்துக் கோயில்களின் அடையாளமே சோமாஸ்கந்தர்தான். அப்பா சிவன், அம்மா உமை, நடுவில் குழந்தை முருகன். பார்த்தாலே மனசு நிறைஞ்சு போகும்.

இப்போ அதே ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. முகம் வெளுத்துப் போச்சு. பரிசோதனை பண்ணினால் ரத்தப் புற்றுநோய். அந்த அப்பா அம்மாகிட்ட நாம சொல்ற முதல் வார்த்தை என்ன?

"போன ஜென்மத்துக் கர்மா." "ஏதோ வேண்டுதல் பாக்கி இருக்கும்." "முருகன் சோதிக்கிறான்."

ஆறுதல்னு நினைச்சுத்தான் சொல்றோம். ஆனால் அந்தத் தாய் காதில் "உன்னாலதான்" என்றே விழும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை என்பதே மருத்துவம் சொல்லும் உண்மை. இல்லாத குற்றத்தை அவங்க தலையில் ஏற்ற நமக்கு என்ன உரிமை?

அவங்க சுமக்கிறது ஏற்கெனவே மலை. ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் போகும். ஜிப்மருக்கோ அடையாறுக்கோ மறுபடி மறுபடி பயணம். வீட்டில் மாத்திரை ஒருநாள் தவறக் கூடாது. நடுராத்திரி காய்ச்சல் வந்தாலும் உடனே ஓடணும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கை கொடுக்கும். போன கூலியை யார் தருவா? பாட்டி வீட்டில் விட்ட இன்னொரு பிள்ளை "அம்மா எப்போ வரும்?"னு கேட்டால் யார் பதில் சொல்வா?

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் அந்தத் தாய் "முடியலை முருகா"ன்னு கத்திட்டால் அது பாவமா? பக்தி குறைஞ்சுபோச்சா?

கந்தபுராணம் நமக்குத் தெரியும். சரவணப் பொய்கையில் குழந்தையாக வந்தவனுக்குப் பாலூட்டி வளர்த்தவங்க கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அதனால்தான் அவன் கார்த்திகேயன். உலகைக் காக்கிற பிள்ளையை வளர்க்கவே ஆறு தாய்மார் வேணும்னா, நோயோடு போராடுற பிள்ளையை ஒரு தாய் தனியாத் தாங்கணும்னு எதிர்பார்ப்பது எந்த தர்மம்? களைச்சுப் போனது அவங்க தப்பில்லை. மற்ற அஞ்சு பேரா நாம வராமல் போனதுதான் தப்பு.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறாங்க. வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும் அதுக்கு ஒரு காரணம். பாதியில் நிறுத்தினவங்க பிள்ளை மேல் பாசம் இல்லாதவங்களா? பஸ் காசும் துணைக்கு ஆளும் இல்லாதவங்க.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அதை விதி என்று விடலை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அந்த அளவு நம்மால் முடியாமல் போகலாம். முடிஞ்சது நிறைய இருக்கு.

ரத்தம் கொடுங்க. தட்டணுக்களை அஞ்சு நாளுக்கு மேல் சேமிக்க முடியாது, அதனால் கொடையாளர் எப்பவும் தேவை. இன்னொரு பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு ராத்திரி வார்டுக்கு வெளியே உட்காருங்க, அந்த அப்பா தூங்கட்டும். உங்களுக்குச் சளி இருந்தால் பிள்ளையைப் பார்க்கப் போகாதீங்க. பிரசாதம் கொடுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மயிலத்துக்குக் காவடி எடுக்கிறதா அவங்க வேண்டிக்கிட்டால் கூடவே நடங்க. மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே போகட்டும், எதுக்காகவும் மருந்து நிற்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் போயிடுவாங்க. அப்போதும் அந்த வீட்டுப் பக்தி தோற்றதாகச் சொல்லாதீங்க. வாய் மூடிப் பக்கத்தில் இருங்க. அவங்க பட்ட ஒவ்வொரு ராத்திரியும் முருகனுக்குச் செய்த பூஜைதான்.

அடுத்த கார்த்திகைக்கு விளக்கேற்றும்போது அந்த ஆறு பேரை நினைச்சுக்கோங்க. உங்க தெருவில் ஏழாவதா ஒருத்தர் தேவைப்படலாம்.

வேலும் மயிலும் துணை! 🙏