தீச்சட்டிக்கு அடியில் வேப்பிலை

சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குத் தேனி மாவட்டமே திரண்டுவிடும். முல்லையாற்றங்கரையில் எட்டு நாள் திருவிழா. தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, அலகு, உடம்பெல்லாம் சேறு என்று நேர்த்திக்கடன்கள் இரவு பகல் பாராமல் நடக்கும். இந்தத் தலைமுறையில், முன்கையில் அம்மன் முகத்தையோ சூலத்தையோ பச்சை குத்திக்கொள்வதும் பக்தியின் ஒரு வகையாகிவிட்டது. வேண்டுதலாகவே குத்திக்கொள்பவர்களும் உண்டு. குத்தி முடித்ததும், அந்தப் புண்ணில் எதைப் போடுவது என்ற கேள்வி வரும். மெடிக்கலில் கேட்டால் ஒரு டியூப் கொடுப்பார்கள், வீட்டில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் இருக்கும், கோயிலில் விபூதி இருக்கும். வெளிப்பார்வைக்கு இது மருந்துக்கடைச் சமாச்சாரம். ஆனால் சாமிக்காக வாங்கிய காயத்துக்கு மருந்து தேடுவது நம்பிக்கைக் குறைவா, 'ஆத்தா பார்த்துக்கொள்வாள்' என்று விட்டுவிடுவதுதான் பக்தியா என்ற தயக்கம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. காயத்தைப் பேணி ஆற்றுவதும் நேர்த்திக்கடனில் சேர்ந்ததே என்பது என் கட்சி.

அதற்குக் கோயிலிலேயே சாட்சி இருக்கிறது. தீச்சட்டி எடுப்பவரின் கையைக் கவனியுங்கள். கனன்றுகொண்டிருக்கும் சட்டி நேராக உள்ளங்கையில் உட்காருவதில்லை. நடுவில் வேப்பிலையைக் கொத்தாக அண்டக் கொடுத்திருப்பார்கள். 'நம்பிக்கை இருந்தால் எதற்கு இலை?' என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. மாரியம்மன் வழிபாடு தோலைப் பேணும் ஒழுங்கோடு சேர்ந்தே வளர்ந்தது. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை நிறுத்துவார்கள், தாளிப்பு நின்றுவிடும், பழைய பருத்தி வேட்டியை விரித்துப் படுக்க வைப்பார்கள், அரித்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் வருடிவிடுவார்கள், பொருக்கு உதிர்ந்த பிறகே தலைக்குத் தண்ணீர். தாய் வந்து இறங்கியிருக்கிறாள் என்று நம்பிய வீடுதான் இத்தனையையும் கடைப்பிடித்தது. தடுப்பூசி பெரியம்மையைத் துடைத்து, 1977-ல் இந்தியாவில் அந்நோய் இல்லை என்று அறிவித்த பிறகும் கோயிலில் கூட்டம் குறையவில்லை. அம்மனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வீரபாண்டித் தலபுராணத்திலும், பார்வை இழந்த பாண்டியனுக்கு ஒரு கண் கௌமாரியிடத்திலும் மறு கண் கண்ணீசுவரமுடையாரிடத்திலும் கிடைத்ததாகவே கதை. அருளே அங்கு இரண்டு தவணையில்தான் வந்திருக்கிறது.

உடம்பில் தெய்வக் குறி ஏற்பது நம் சமயங்களுக்குப் புதிதுமல்ல. சமணத்திலிருந்து திரும்பிய அப்பர், அந்த உடம்போடு வாழ மனமில்லாமல், பெண்ணாகடம் தூங்கானை மாடத்தில் சூலக்குறியும் இடபக்குறியும் கேட்டுப் பெற்றதாகச் சேக்கிழார் சொல்கிறார். வைணவர்கள் சமாசிரயணத்தில் காய்ச்சிய சங்கு சக்கர முத்திரையைத் தோள்களில் ஏற்கிறார்கள். இரண்டிலும் பொருள் ஒன்றுதான்: இந்த உடம்பு இனி அவனுடையது. அப்படியானால், குறி ஏற்றவனுக்கு அந்த உடம்பைச் சீழ் பிடிக்க விடும் உரிமை எங்கிருந்து வந்தது? உடம்பே பொய், அதற்கு என்ன களிம்பு என்று சித்தர் மரபைக் காட்டி வாதிப்பவர்கள் உண்டு. அதே மரபில் திருமூலரும் இருக்கிறார். முன்பு உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்தவர், உள்ளே உத்தமனைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொன்னவர் அவர். இன்னொன்று: உடம்பு பொய் என்று உண்மையிலேயே நம்புபவர் அதில் படம் வரைய ஆயிரக்கணக்கில் செலவழிக்க மாட்டார்.

பச்சை எப்படி நிற்கிறது என்று பார்த்தால் என் வாதம் இன்னும் வலுக்கும். ஊசி மையைத் தோலின் மேலடுக்கைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. மேக்ரோபேஜ் என்னும் காவல் அணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த அணு இறந்தால் சிந்திய மையைப் பக்கத்தில் வரும் புது அணு வாங்கி வைத்துக்கொள்கிறது. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். குத்துபவர் மையை இறக்குவதோடு சரி. ஆயுள் முழுக்க அம்மன் முகத்தை ஏந்தி நிற்பது உயிருள்ள தோல். குத்திய இரண்டு மூன்று வாரங்களில் மேல்தோல் மூடும்போது கிருமி புகுந்தால், பொருக்கைப் பிய்த்தால், முகம் திட்டுத்திட்டாகச் சிதையும். ஆகவே, மெஷின் நின்றதோடு நேர்த்திக்கடன் முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது.

'அந்தக் காலத்தில் குறத்தி குத்திவிட்டுப் போவாள். எந்தக் கிரீம் போட்டார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அவள் சும்மா போகவில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட குறிப்புகளில் அந்த முறை பதிவாகியிருக்கிறது. மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்தினார்கள். குத்திய இடத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, வலிக்கு எண்ணெய் தடவி, வீக்கம் வராதிருக்க மஞ்சள் தேய்த்தார்கள். பழைய சட்டியைப் பயன்படுத்தாமல் புதுச்சட்டி தேடியதிலேயே அவர்களின் சுத்தபத்தம் தெரிகிறது. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கவனத்தை. மஞ்சள் பொடி மருந்துபோல் கிருமி நீக்கப்பட்டதல்ல, அதில் கலப்படமும் நடக்கிறது. அன்று புண் புரையோடியவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆறிய கைகள் மட்டுமே நம் பாட்டிமார் வடிவில் நமக்குக் காட்சிக்கு இருந்தன.

இதைவிடக் கனமான மறுப்பு அலகிலிருந்து வருகிறது. கன்னத்தில் வேல் குத்தி எடுத்து, விபூதியை வைத்து அழுத்துகிறார்கள். சில நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடுகிறது. அங்கே போதுமான விபூதி பச்சைக்குப் போதாதா? கன்னத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அங்கே விழுவது வழவழப்பான கம்பியின் ஒற்றைத் துளை. பச்சையில் ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கி, உள்ளங்கை அகலத் தோலையே உரித்ததுபோல் ஆக்கிவிடுகிறது. சாம்பல் காரத்தன்மை உள்ளது, பச்சைப் புண்ணில் எரிச்சல் தரும். அதன் துகள் திறந்த தோலுக்குள் தங்கினால் அதுவும் நிரந்தரக் கறையாகலாம். கரியைத் தோலுக்குள் தேய்த்துத்தானே பச்சையே பிறந்தது? குங்குமத்துக்கும் கடைச் சந்தனத்துக்கும் சாயமும் வாசனையும் சேர்வதால் அவையும் ஆகாது. விபூதியை நெற்றியில் இடுங்கள். அதன் இடம் அதுதான்.

எந்தக் களிம்பு என்பதற்கு முன்னால் எந்த ஊசி என்று பார்க்க வேண்டும். உறை பிரிக்காத புது ஊசியும், தனியாக ஊற்றிய மையும் இல்லாத இடத்தில் குத்திக்கொண்டால் மஞ்சள்காமாலைக் கிருமியையும் எச்ஐவியையும் எந்த டியூபும் தடுக்காது. பச்சை குத்தியவரிடம் ஓராண்டு ரத்தம் வாங்குவதில்லை என்று ரத்த வங்கிகள் விதி வைத்திருப்பது அதனால்தான். அதன்பின் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்: வாசனை சேர்க்காத மென்மையான சோப்பு, சுத்தமான தண்ணீர், ஒற்றி எடுக்கத் துவைத்த பருத்தித் துணி, மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி அல்லது மணமில்லாத களிம்பு. அப்பித் தடவினால் ஈரம் தேங்கிப் புண் ஊறும். தேங்காயெண்ணெய் மேல்தோல் மூடிய பிறகு. விரதத்தில் இருப்பவர்கள் சில களிம்புகளில் உள்ள லானோலினைப் பற்றி யோசிக்கலாம். அது செம்மறிக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகு, அறுத்து எடுப்பதன்று. மனம் ஒப்பாவிட்டால் ஜெல்லியே போதும். உண்மையில் பயப்பட வேண்டியது, 'எல்லாப் புண்ணுக்கும் நல்லது' என்று சீட்டில்லாமல் நீட்டப்படும் டியூபைப் பார்த்துத்தான். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கொல்லி மூன்றும் கலந்த கலவைகள் அவை. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிக் காட்டும், ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

விலை உயர்ந்த 'டாட்டூ கிரீம்' வாங்குவது ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன். சின்ன டப்பா ஜெல்லி செய்யாத எதையும் அது பெரிதாகச் செய்துவிடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் காசைவிடக் கடினமான தேவை ஓய்வுதான். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கியே நிற்க வேண்டும். மேலிருந்து சொட்டும் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து நேராக முன்கையில் விழும். குத்திய வாரத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகாதிருப்பதோ, தளர்வான முழுக்கைச் சட்டை போடுவதோ எந்தக் களிம்பையும்விடப் பெரிய பாதுகாப்பு. அதேபோல் முல்லையாற்றில் முங்குவதும் சுருளித் தீர்த்தத்தில் நிற்பதும் தோல் மூடும்வரை வேண்டாம். வேண்டுதல் நீராடலோடு சேர்ந்ததென்றால் முதலில் நீராடிவிட்டு, திருவிழா முடிந்தபின் குத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு முன்யோசனை பக்திக்கு அழகா என்று இந்தப் பள்ளத்தாக்கில் கேட்பது விந்தைதான். 1895-ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர்தான் இங்கே வயலுக்குப் பாய்கிறது. அதைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களே கௌமாரிக்கும் தீச்சட்டி எடுக்கின்றன. தண்ணீர் தாயின் அருள் என்பதும், அதற்கு ஒரு பொறியாளர் பாடுபட்டார் என்பதும் அவர்களுக்கு ஒன்றோடொன்று மோதவில்லை. கையில் ஆறிவரும் அம்மன் முகத்துக்கும் அதே நியாயம் செல்லும். சிவப்பு வரம்பைத் தாண்டிப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.